ஒன்பது வெள்ளிக்குப் பதினாலு ரூபாய்

பவுண்டு விழுந்துவிட்டது என்ற செய்தியை எங்கள் தோட்டத்தில் முதலில் படித்தவன் நான்தான். அதைப் பாதி படித்துவிட்டு, முழுதும் தெரிந்தவன்போல் பேசியவனும் நான்தான்.

1949. அப்போது நான் மலாய் நாட்டில், கல்மேட்டு ரப்பர் தோட்டத்தில், ஆபீஸ் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. பெயர் ஜோசப்ராஜ். ரஹாங்கில் பிறந்து, சிரம்பானில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன். மம்பாவிலிருந்து செண்டாயான் பக்கம் போகும் மண்சாலையில் நாலு மைல் உள்ளே இருந்தது தோட்டம். காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொழிலாளிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டை மூடினால் மறுநாள் விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத்தான் திறப்பார்கள். வெளியே போகிறவர் வருகிறவர் எல்லாருடைய அடையாளக் கார்டையும் பார்ப்பார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சோற்றைக்கூடக் கிளறிப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்புவது லேசான காரியம் இல்லை. தபாலாபீஸ் சிரம்பானில். அங்கே போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கையில் மொத்தமாகப் பணம் வைத்திருந்தால், காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொண்டுபோகும் சந்தா என்று போலீஸ் பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரை மடியில் அறுபது வெள்ளி இருந்ததற்காக எட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் ஜனங்கள் எல்லாரும் மணியத்திடம்தான் கொடுப்பார்கள். மணியம் மம்பாவ் முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்தவர். சம்பள நாளில் தோட்டத்துக்கு வந்து பணத்தை வாங்கிக்கொண்டு, சிரம்பானில் ஓர் ஏஜெண்டிடம் கட்டுவார். அந்த ஏஜெண்டின் ஆள் இந்தியாவில் வீடு தேடிப் போய் ரூபாயாகக் கொடுப்பான். இரண்டு மலாய் நாட்டு வெள்ளிக்கு மூன்று இந்திய ரூபாய். ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அதே கணக்குத்தான்.

அக்டோபர் சம்பளத்தன்று மணியம் வந்து புதுக்கணக்குச் சொன்னார். ஒரு வெள்ளிக்கு ஒரு ரூபாய் ஓரணா.

"என்னாண்ணே அநியாயமா இருக்கு! போன மாசம் வரைக்கும் ரெண்டு வெள்ளிக்கு மூணு ரூபா குடுத்தீங்க?" என்று வீரமுத்து சத்தம் போட்டார்.

"நான் என்னா செய்ய? பவுனு விழுந்துருச்சு. நூத்துக்கு முப்பது. சிரம்பான்ல சொன்னத நான் இங்க சொல்றேன், அவ்வளவுதான்லா. நம்பலைன்னா கிராணியக் கேளுங்க."

வள்ளியம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "தங்கம் வெல எறங்கிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் பத்திரிகை இருந்தது. "தங்கப் பவுன் இல்ல. வெள்ளைக்காரன் பவுண்டு. நம்ம வெள்ளி அதோட கட்டுனது. அது நூத்துக்கு முப்பது எறங்குனா நம்ம வெள்ளியும் எறங்கும். பத்திரிகையிலயே போட்டிருக்கான். மணியம் சொல்றது சரிதான்" என்றேன்.

படித்தவன் சொன்னால் அப்புறம் என்ன பேச்சு? தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பதினோரு பேர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கொடுத்தார்கள். பன்னிரண்டாவதாக நின்றவள் பஞ்சாலை. அவள் பணத்தை எண்ணிப் பார்த்தாள். மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். லயத்துக்குப் போய்விட்டாள்.

பஞ்சாலைக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் மரத்தில் பால்வெட்டு அவள் வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவள் இல்லை. எண்களை மட்டும் பார்த்தால் தெரியும். புருஷன் சன்னாசியை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. இருந்த ஒரே பெண் நீலாவதி. 1941-இல் பஞ்சாலையின் அக்கா ஊருக்குப் போனபோது, மாறி மாறிக் காய்ச்சலில் கிடந்த அந்த நாலு வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆறே மாதம், உடம்பு தேறியதும் அனுப்பிவிடுகிறேன் என்றுதான் பேச்சு. டிசம்பரில் சண்டை வந்துவிட்டது, கப்பல் நின்றுவிட்டது. ஆறு மாதம் எட்டு வருஷமாகிவிட்டது.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. எங்கள் தோட்டத்து ராக்கம்மா ஊருக்குப் போயிருந்தாள்; ஜனவரிக் கப்பலில் திரும்புகிறாள். நீலாவதியைக் கையோடு அழைத்து வருவதாகக் கடுதாசி போட்டிருந்தாள். கப்பல் டிக்கட், நாகப்பட்டினம் வரை ரயில், அம்மைத் தடுப்பூசி, துணிமணி எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தைந்து ரூபாய் ஆகும், நவம்பருக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தாள். பஞ்சாலை ஒன்றரை வருஷம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது தொண்ணூறு வெள்ளி. இரண்டுக்கு மூன்று என்றால் சரியாக நூற்று முப்பத்தைந்து. மணியத்தின் புதுக்கணக்கில் தொண்ணூற்றைந்து ரூபாய்ச் சொச்சம்தான் வரும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருத்தி பணம் கொடுக்காமல் போனாள் என்பதுதான்.

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் அவள் வாளிகளை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நம்ம வெள்ளி பவுனோட கட்டுனதுன்னீங்களே. எப்படிக் கட்டிருக்கு?"

"எப்படின்னா?"

"ஒரு வெள்ளிக்கு அவன் காசு எத்தன?"

அது எனக்குத் தெரியும். "ரெண்டு ஷில்லிங் நாலு பென்ஸ். பென்ஸ் கணக்குல இருபத்தெட்டு."

"அப்ப இந்தியா ரூவா? அது எதோட கட்டுனது?"

நான் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து நினைவைக் கிளறிச் சொன்னேன். "அதுவும் பவுண்டோடதான். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். பதினெட்டு."

"இருபத்தெட்டு, பதினெட்டு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அதை அத்தோடு மறந்தேன். அவள் மறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் லயத்து வாசலில் ரப்பர் கொட்டைகளைக் குவித்துவைத்து எண்ணிக்கொண்டிருந்ததாக வள்ளியம்மா என்னிடம் சொன்னாள். "மகள நெனச்சு நெனச்சு மூளை கலங்கிருச்சு போலிருக்குங்கய்யா" என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் பஞ்சாலை ஆபீஸ் வாசலுக்கே வந்தாள். முந்தானை நிறையக் கொட்டைகள்.

"ஐயா, மணியண்ணன் சொன்ன கணக்குத் தப்பு. நீங்க சொன்னதும் தப்பு. கோவிச்சுக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "பத்திரிகைக்காரன் தப்பா எழுதுவானா?"

"அவன் என்னா எழுதுனான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் நெனச்சதச் சொல்றேன். காண்டா கம்புல ரெண்டு பக்கமும் வாளிய மாட்டித் தூக்குறோம்லா? தூக்குறவ அப்படியே குந்தினா ரெண்டு வாளியும் சேந்துதான் எறங்கும். ஒண்ணு மட்டும் எறங்கி இன்னொண்ணு மேலயே நிக்குமா?"

"நிக்காது."

"பவுனுதான் கம்பு. நம்ம வெள்ளி ஒரு வாளி, ரூவா ஒரு வாளி. கம்பு எறங்குச்சு, சரி. அமெரிக்காகாரன் சாமான் வாங்குறவனுக்கு வெல கூடும். நமக்கும் ஊருக்கும் நடுவுல என்னா மாறுச்சு?"

அவள் கீழே உட்கார்ந்து கொட்டைகளைப் பரப்பினாள்.

"இது ஒரு வெள்ளி, இருபத்தெட்டு கொட்டை. இது இன்னொரு வெள்ளி. ரெண்டையும் கலந்துட்டேன். இதுல பதினெட்டு பதினெட்டா எடுக்குறேன், பாருங்க. ஒரு ரூவா. ரெண்டு ரூவா. மூணு ரூவா. மிச்சம் எத்தன?"

இரண்டே இரண்டு கொட்டைகள் தரையில் கிடந்தன.

"மணியண்ணன் முந்தி ரெண்டு வெள்ளிக்கு மூணு ரூவா குடுத்தாருல்ல? இந்த ரெண்டு கொட்டைதான் அவருக்கும் அந்த ஏஜெண்டுக்கும் கூலி. அது நாயம். வெயில்ல வர்றாரு, போறாரு. ஆனா இப்ப..." அவள் மூன்று குவியல்களில் ஒன்றைக் கையால் ஒதுக்கினாள். "இப்ப ஒரு ரூவாய அப்படியே எடுத்துக்கிட்டு, ரெண்டணாவத் திருப்பிக் குடுக்குறாங்க."

"அதோட விடலைங்க" என்று தொடர்ந்தாள். "ரெண்டு வெள்ளிக்கு ரெண்டு கொட்டை மிச்சம்னா, பதினெட்டு வெள்ளிக்குப் பதினெட்டு கொட்டை மிச்சம். அது இன்னொரு முழு ரூவா. அப்ப பதினெட்டு வெள்ளிக்கு இருபத்தெட்டு ரூவா. பாதி பண்ணுனா ஒம்பது வெள்ளிக்குப் பதினாலு ரூவா. கொட்டை ஒண்ணுகூட மிஞ்சாது. மூணு தடவ எண்ணிப் பாத்துட்டேன்."

நான் காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டைப் பதினெட்டால் வகுத்தால் ஒன்று புள்ளி ஐந்து ஐந்து ஐந்து என்று முடிவில்லாமல் ஓடியது. ஒன்பதுக்குப் பதினாலு என்று அவள் ஒரு மூச்சில் சொன்னதை என் தசமப் புள்ளி சொல்லி முடிக்கவே இல்லை. இந்தத் தோட்டத்தில் வருஷக்கணக்கில் பேர்போட்டு எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு தலையை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் தலைச்சுமைத் துணிக்குக் கீழே அப்படி ஒன்று இருக்கும் என்று யோசித்ததில்லை.

அவள் போனபிறகு பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் பவுண்டுச் செய்தி. அதற்குள்ளேயே, நான் படிக்காமல் விட்ட கடைசிப் பாராவில், இந்தியாவும் தன் ரூபாயை அதே அளவுக்கு இறக்கியிருக்கிறது என்று ஒரே ஒரு வரி இருந்தது. பள்ளியில் ஆங்கிலம் படித்த நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். எழுத்துத் தெரியாத அவள், அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு முடித்ததும் நான் முன்னால் போய் நின்றேன். பவுண்டு விஷயத்தில் நான் சொன்னது தப்பு, பஞ்சாலை சொல்வதுதான் சரி என்று சொன்னேன். கிராணி தன் வாயால் தப்பு என்று சொல்வதை அவர்கள் யாரும் கேட்டதில்லை. வீரமுத்து மட்டும், "அப்ப எங்க காசு?" என்றார்.

பஞ்சாலைதான் பதில் சொன்னாள். "கொட்டையக் காட்டுனா மணியண்ணன் நம்ப மாட்டாரு. சர்க்கார் சீட்டு வேணும். நான் தபாலாபீசுல கட்டி வாங்கிட்டு வர்றேன்."

"தொண்ணூறு வெள்ளியோட ரோட்டுல போவியா? புடிச்சு வச்சா என்னா செய்வ?" என்றார் வீரமுத்து.

"புடிச்சா உள்ளத சொல்லுவேன்."

புதன்கிழமைதோறும் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு லாரி சிரம்பான் போகும். ஆபீஸ் கடிதங்களோடு நானும் போவேன். டிரைவர் தங்கராஜுவுக்கும் எனக்கும் நடுவில் அவளை உட்கார வைத்துக்கொண்டோம். மம்பாவ் தாண்டியதும் சாலையை மறித்திருந்தார்கள். நாலு துப்பாக்கி, ஒரு மலாய் சார்ஜன். எல்லாரையும் இறங்கச் சொன்னார். பஞ்சாலையின் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். பத்து வெள்ளி நோட்டு ஒன்பதும், கமிஷனுக்குக் கொஞ்சம் சில்லறையும்.

"பாஞாக் டுயிட் இனி. ஊந்தோக் சியாபா?" இவ்வளவு பணம் யாருக்கு என்று கேட்டார்.

தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பஞ்சாலை தன் பிள்ளைக்கு என்று, தனக்குத் தெரிந்த மலாயும் தமிழும் கலந்து நேராகச் சொன்னாள். "அனாக் சாயா, துவான். இந்தியாவில இருக்கு. அதக் கூப்புட."

சார்ஜன் நம்பவில்லை. "அதென்ன சரியாகத் தொண்ணூறு? எண்பது இல்லை, நூறு இல்லை. யாரோ இவ்வளவு என்று கேட்டு வாங்கியதுபோல் இருக்கிறதே?" என்றார். அதை நான் தமிழில் சொன்னேன்.

"நூறு கொண்டுவந்தா ரூவா ஒடஞ்சு அணாவும் பைசாவுமா வரும். தொண்ணூறுன்னா ஒடையாது. சரியா நூத்தி நாப்பது ரூவா. சொல்லுங்கய்யா அவருகிட்ட" என்றாள். சார்ஜன் புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான், அவள் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டை இல்லை, சரளைக்கல் இருந்தது. இருபத்தெட்டு, இருபத்தெட்டு. பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. மிச்சம் இரண்டு. துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் குனிந்து கூடவே எண்ணினான். நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். காண்டா கம்பு வந்த இடத்தில் சார்ஜனுக்கு என் உதவி தேவைப்படவில்லை. அவரே தோளைத் தாழ்த்திக் காட்டி, "டுவா டுவா துரூன்" என்றார். இரண்டும் இறங்கும்.

பிறகு அவர் கேட்டது நான் எதிர்பாராதது. அவருடைய பாட்டனார் சுமத்ராவிலிருந்து வந்தவராம். அம்மாவின் தங்கை இன்னும் அங்கே பாடாங் பக்கத்தில் இருக்கிறாளாம். மாசாமாசம் பத்து வெள்ளி அனுப்புகிறார். அங்கே டச்சுக்காரன் பணமும் புதுக் குடியரசின் பணமும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறான் புரோக்கர். "நான் ஏமாறுகிறேனா?"

பஞ்சாலை யோசித்தாள். "அந்தக் காசு எந்தக் கம்புல தொங்குது?"

அவருக்குத் தெரியவில்லை.

"அது தெரியாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பவுனுல தொங்குனா நம்ம கணக்குத்தான். வேற கம்புல தொங்குனா அந்தக் கம்பும் நம்ம கம்பும் எப்படி நிக்குதுன்னு பாக்கணும். ஒண்ணுலயுமே தொங்கலைன்னா, அவங்க சொல்றதுதான் வெல. ரொம்ப அனுப்பி வைக்காதீங்க."

தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்ன விதம் எனக்கு அந்தக் கணக்கைவிடப் பெரிதாகப் பட்டது. ஒரு சார்ஜன் துப்பாக்கியோடு நின்று கேட்கும்போது, அவரைச் சந்தோஷப்படுத்த ஏதாவது சொல்லிவைக்கத்தான் எனக்குத் தோன்றியிருக்கும். சார்ஜன் நோட்டுகளை எண்ணி அவள் கையிலேயே கொடுத்தார். வழியில் ராசா என்ற ஊரிலும் ஒரு மறிப்பு இருக்கிறது என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக்கொடுத்தார். அங்கே எங்களை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

தபாலாபீஸ் கவுண்டரில் கிளார்க் புத்தகத்தைப் பார்த்து எழுதினார். நூற்று முப்பத்தொன்பது ரூபாய் எட்டு அணா. கமிஷன் தனி.

"எட்டணா கொறையுதே?" என்றாள் பஞ்சாலை.

நான் அவளைச் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் சும்மா இருக்கவில்லை. நான் வெட்கத்தோடு ஆங்கிலத்தில் கேட்டேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். விகிதத்திலேயே ஆபீசுக்கு ஒரு சிறு பங்கு உண்டு என்றும், பதினோரு வருஷமாக இந்தக் கவுண்டரில் இருக்கும் தன்னிடம் அதை இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை என்றும் சொன்னார். ரசீதை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எட்டணா போகட்டும்" என்றாள் அவள் படியிறங்கும்போது. "மணியண்ணன் பழைய கணக்குலகூட அஞ்சு ரூவா போயிருக்கும்."

திரும்பும் வழியில் மணியம் கடையில் லாரியை நிறுத்தச் சொன்னாள். கடையில் வேறு ஆள் இல்லை. ரசீதைத் தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மணியண்ணே, நான் சண்டைக்கு வரல. இதப் பாருங்க. பவுனு விழுந்த பொறவு கட்டுனது. இன்னைக்குத் தேதி."

மணியம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது மழுப்புவார் என்று நான் நினைத்தேன். அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"கிராணி, எரநூறு வெள்ளி" என்றார். "ஊருல இருக்குற எம் பொண்டாட்டிக்கு. பெரியவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. எரநூறு வெள்ளிய அந்த ஏஜெண்டுகிட்ட ஒண்ணே ஓரணாக் கணக்குல நானே கட்டிருக்கேன்."

விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "எம்பத்தேழே அரை ரூவா போச்சு." பிறகு சட்டென்று எழுந்தார். "இந்தச் சீட்ட ஒரு நாளு எங்கிட்ட குடு, தங்கச்சி. பத்திரமாத் திருப்பித் தர்றேன்."

பஞ்சாலை தயங்காமல் கொடுத்தாள்.

சிரம்பானில் என்ன நடந்தது என்பதை மணியம் முழுதாகச் சொன்னதில்லை. ஏஜெண்ட் முதலில் யார் சொன்னது என்று அதட்டினானாம். ரசீதைப் பார்த்ததும் குரல் இறங்கியதாம். இந்தக் கணக்கைத் தாலுகாவில் இருக்கிற தோட்டத்துக்கெல்லாம் சொல்லிவிடுவோம் என்று இவர் கடைவாசலில் நின்று கத்தியிருக்கிறார்; கடைசியில் அவன் குறைத்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டான். நவம்பர்ச் சம்பள நாளில் மணியம் தோட்டத்துக்கு வந்து, பதினோரு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குறைந்த ரூபாய்க்கு ஈடான வெள்ளியைக் கையில் கொடுத்தார். கடைசியாகப் பஞ்சாலையைக் கூப்பிட்டு ரசீதைக் கொடுத்தார். பழையபடி இரண்டுக்கு மூன்று என்றார்.

"அது நாயந்தான். குடுக்கலாம்" என்றாள் பஞ்சாலை எல்லாரையும் பார்த்து. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் முடிச்சை அவிழ்த்தார்கள்.

தோட்டங்களில் கிராணிமார் தொழிலாளிகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வயது பார்ப்பதில்லை. நான் அந்த மாதத்திலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டேன். பெரிய கிராணிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தடவை கண்டித்தார், இரண்டாம் தடவை கண்டித்தார், பிறகு விட்டுவிட்டார். செண்டாயான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் கேட்டில் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே வந்து, ஒன்பதுக்குப் பதினாலு கணக்குச் சொல்லும் பொம்பளை யார் என்று விசாரித்தார்கள். அவள் யாருக்கும் விடையை மட்டும் சொல்லி அனுப்பியதில்லை. உட்காரவைத்து அவர்களையே எண்ணவைப்பாள். நாளைக்குச் சர்க்கார் கணக்கை மாற்றினால் தன்னைத் தேடி வராமல் அவர்களே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பாள்.

பொங்கல் கழிந்து பத்து நாளில் ராக்கம்மா வந்து சேர்ந்தாள். போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து ரயில். சிரம்பான் ஸ்டேஷனிலிருந்து எங்கள் லாரி. கேட்டில் இறங்கிய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா உயரத்துக்கு வந்திருந்தாள். பஞ்சாலை ஓடவில்லை, அழவில்லை. கான்ஸ்டபிள் மூட்டையைச் சோதித்து முடிக்கும்வரை கம்பிக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றாள். பிறகு போய் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "வா" என்றாள்.

நீலாவதிக்கு அவள் யாரோதான். எட்டு வருஷமாகப் பெரியம்மாவையே அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். வந்த நாள்முதல் பஞ்சாலையை எப்படியும் கூப்பிடாமல் பேசினாள். தண்ணி வேணும் என்பாள், யாரிடம் என்று இருக்காது. லயத்துப் பெண்கள் குறுக்கே புகுந்து, "அம்மான்னு கூப்புடு, கழுத" என்று அதட்டினால் பஞ்சாலைக்குக் கோபம் வரும். "அதுவா வரும்போது வரட்டும். யாரும் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். பால்வெட்டுக்கு விடியலில் போகும்போது மகள்மேல் போர்வையை இழுத்துவிட்டுப் போவாள். மத்தியானம் வந்ததும் தலைவாரிப் பின்னி விடுவாள். அவ்வளவுதான். மற்றபடி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பேர்ப்பட்டியலைச் சரிபார்க்க லயத்துப் பக்கம் போயிருந்தேன். பஞ்சாலை வாசலில் உட்கார்ந்து பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்படியிலிருந்து நீலாவதியின் குரல் கேட்டது.

"அம்மா, சோறு அடிபுடிக்குது. எறக்கவா?"

பஞ்சாலை சொல்லிக்கொண்டிருந்த எண்ணை விட்டுவிட்டாள். வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எழுந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பானையை இறக்க உள்ளே போனாள்.